உங்கள் இணைப்பு உங்கள் அமானிதம்!

(மதுரை ஆனையூரில் இளைஞர்கள், வியாபாரிகளிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



2007 ஆகஸ்ட் இறுதி. பெங்களூரில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் ஊழியரைப் புனே போலீசார் கைது செய்தார்கள். ‘ஆர்குட்’ தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திப் படம் போட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் என்ன? ஒரு ஐ.பி. முகவரி! அது இவருடைய இணைப்பு என்று இணைய நிறுவனம் விவரம் கொடுத்திருந்தது. 50 நாட்கள் சிறையில் கிடந்தார். பிறகுதான் தெரிந்தது, கொடுத்த விவரமே தவறு என்று!

ஐ.பி. முகவரி என்றால் என்ன? நீங்கள் இணையத்தில் நுழையும்போது உங்கள் இணைப்புக்குக் கிடைக்கும் எண். நீங்கள் திறக்கும் தளம் அந்த எண்ணைப் பார்க்கும். ஏறக்குறைய எந்த ஊர் என்றும் கணிக்கும். பெயரும் வீட்டு விலாசமும் இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும். சட்டப்படி போலீசார் கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்த எண் காட்டுவது இணைப்பைத்தான், ஆளை அல்ல! இன்று உங்களிடம் உள்ள எண் நாளை வேறொருவருக்குப் போகலாம். செல்போனில் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பலர் பகிர்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் பதிவுகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும்; நம் நேரம் அதற்கு 5.30 மணி முந்தியது. இந்தக் கணக்கு பிசகினால் யாரோ செய்ததற்கு உங்கள் வாசலில் ஜீப் நிற்கும்!

வியாபாரிகளே! கடை வைஃபை பாஸ்வேர்டை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்கிறீர்களே, கல்லாப்பெட்டிச் சாவியை அப்படிக் கொடுப்பீர்களா? வாடிக்கையாளருக்குத் தனி இணைப்பு வையுங்கள். ரௌட்டருடன் வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். உங்கள் பெயரில் வாங்கிய சிம்மை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இளைஞர்களே! ‘இன்காக்னிட்டோ’ உங்கள் போனில் வரலாற்றைச் சேமிக்காது, ஐ.பி. முகவரியை மறைக்காது. வி.பி.என். தளத்திடமிருந்து மறைக்கும், ஆனால் வி.பி.என். நிறுவனம் உங்களைப் பார்க்கும். இந்தியாவில் சேவை தரும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவிட்டது. இலவச வி.பி.என்.னை நம்பி மனம்போல எழுதாதீர்கள்!

நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள். அதுவே சந்தேகத்தை வளர்க்கும். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். எந்தத் தேதி, எந்த மணி, எந்த நிமிடம், எந்த நாட்டு நேரம் என்று அவர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்றம் உரிமையைச் சொல்லிவிட்டது. உங்கள் ரௌட்டருக்குப் பூட்டுப் போட வேண்டியது யார்? நீங்கள்தான்! இன்றிரவே அதைச் செய்யுங்கள்.