மயிலாப்பூரில் எடுத்த ரத்தம்

1986-ஆம் ஆண்டு. எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்த நிர்மலாவிடம் பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வுப் பொருளாகக் கொடுத்தது அந்த நோயைத்தான்.

நிர்மலா, மயிலாப்பூர் அரசு இல்லத்தில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சேகரித்த மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்! பரிசோதிக்கும் வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. கணவரோடு ரயிலேறிக் காட்பாடி வழியாக அங்கே போனார். எலைசா பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; கிருமி இருக்கலாம் என்பதன் அறிகுறி அது.

அதையே முடிவு என்று ஆய்வாளர்கள் அறிவித்துவிடவில்லை. நோயறிதல் கற்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பெண்களிடம் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற இன்னொரு பரிசோதனையும் செய்தார்கள். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி உறுதியானது.

இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. செய்தியைத் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தவர் அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே.

நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய 1993-இல், அவர்களுக்காகவே ‘ஒய்.ஆர்.ஜி. கேர்’ மையத்தைச் சென்னையில் தொடங்கினார் சுனிதி. அது வெகுகாலம் தரமணியில் இயங்கியது.