படிக்காத பத்திரமும் படுத்துவிட்ட வண்டியும்

(தலைப்பு: "நடுவழியில் வண்டி நின்றால் நமக்குக் கைகொடுப்பது மனித நேயமா? எழுதிய பத்திரமா?" - "எழுதிய பத்திரமே" என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே! சாரல்ல நனைஞ்சு வந்து, குடையை நாற்காலிக்கு அடியில வச்சிட்டு உட்கார்ந்திருக்கிற தென்காசிப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, நடுராத்திரியில் ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து உதவிய கதையைச் சொன்னார்கள். முன்வரிசையில் ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க. நானும்தான் துடைச்சேன். அந்த லாரிக்காரர் தெய்வம். ஒத்துக்கிறேன். ஆனா நடுவர் அவர்களே, அன்னைக்கு அந்தத் தெய்வம் வேற ரோட்டுல போயிருந்தா? பஸ்ஸுக்கு டைம் டேபிள் இருக்கு, தெய்வத்துக்கு இருக்கா? (சிரிப்பு)

இந்தக் குற்றாலத்துக்கு வண்டி மக்கர் பண்றது புதுசு இல்லைங்க. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் பாடியிருக்கிறார். தேனருவியின் நீர் வானத்து வழியிலே ஒழுகுகிறதாம். அதிலே சூரியனுடைய குதிரையின் காலும் தேர்ச்சக்கரமும் வழுக்குகின்றனவாம். சூரியன் வண்டிக்கே இந்த ஊர்ல பிரேக்டவுன்! அவருக்கு ரெக்கவரி வண்டி அனுப்பியது யார்னு மட்டும் கவிராயர் சொல்லவில்லை. அனுப்பினாங்களா, இல்லை "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது"ன்னு பாட்டு போட்டாங்களா, தெரியாது. (சிரிப்பு)

என் கதைக்கு வருகிறேன். மூணு வருஷத்துக்கு முன்னால், ஆடிச் சாரல். நான், என் மனைவி, என் மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். ஆரியங்காவு போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு மலை இறங்கி வர்றோம். புளியரை எஸ் வளைவில், ராத்திரி ஒன்பது மணிக்கு, வண்டி படுத்துருச்சு. மழைன்னா மழை, அப்படி மழை.

நான் பதறவில்லை. ஏன்னா இன்சூரன்ஸ் போடும்போதே, கூடுதல் பணம் கட்டி 'சாலையோர உதவி' சேர்த்திருந்தேன். மாமியாரிடம் பெருமையாச் சொன்னேன்: "அத்தை, ஒரு போன்தான். வண்டி வந்துரும்." அவங்க என்னைப் பார்த்த பார்வையில நம்பிக்கை இல்லை. கல்யாணமான நாள்ல இருந்தே இல்லை, அது வேற விஷயம். (சிரிப்பு)

போன் போட்டேன். எங்கேயோ தூரத்து ஊரிலிருந்து ஒரு பெண் பேசியது. "சார், பக்கத்துல லேண்ட்மார்க் என்ன?" நான் சொன்னேன், "அம்மா, இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் பள்ளம்." "தொண்ணூறு நிமிஷத்துல வண்டி வரும் சார்"னாங்க. பதினொரு மணி ஆச்சு. பன்னிரண்டு ஆச்சு. அப்புறம் ஒரு செய்தி வந்தது: உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது. நான் நடுரோட்டுல நிக்கிறேன், கோரிக்கை மட்டும் வீட்டுக்குப் போயிருச்சு!

வண்டியை விட்டுட்டுப் போகலாம்னா, அதுக்கும் வழியில்லை. வழக்கமான மோட்டார் பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விபத்தோ பழுதோ ஏற்பட்டால், மேற்கொண்டு சேதம் வராதபடி தக்க பாதுகாப்பு செய்யாமல் வண்டியை விட்டுப் போகக்கூடாது.

கடைசியில் சகோதரி சொன்ன அதே மாதிரி ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் மாமியாருக்கு ரெண்டு பன்னும் தண்ணியும் குடுத்தார். செங்கோட்டையில் தனக்குத் தெரிந்த ஒரு ரெக்கவரி வண்டிக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் வந்தது. 4,500 ரூபாய். எதிரணி கைதட்டலாம். "பார்த்தீங்களா, மனித நேயம்!" பொறுங்க. கதை இனிமேல்தான் இருக்கு.

வண்டியை ஏற்றும்போது அந்த ரெக்கவரித் தம்பி சொன்னான்: "சார், உங்க கம்பெனிக்காரங்களும் ஒன்பதரை மணிக்கு என்னையத்தான் கூப்பிட்டாங்க. அவங்க குடுக்கிற கூலி டீசலுக்கே காணாது. போன சீசன் பாக்கியே இன்னும் வரலை. அதான் நான் வரலைன்னுட்டேன்."

நடுவர் அவர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை, புத்தி வந்தது. கம்பெனிக்குச் சொந்தமா ஒரு லாரி கிடையாது. ஊரூருக்கு இப்படி ஒரு தம்பி. அந்தத் தம்பிக்குப் பேசின கூலி ஒழுங்கா வந்திருந்தா, பத்தரை மணிக்கு நாங்க செங்கோட்டையில இட்லி சாப்பிட்டிருப்போம். உதவி செய்யிற கைக்கும் ஒரு பத்திரம் வேணும், அதை மதிக்கிற ஆளும் வேணும். வெறும் நேயத்தை ஊற்றினா லாரி ஓடாது, டீசல்தான் ஊற்றணும். (கைதட்டல்)

என் மனைவி அந்த மழையிலும் ஒரு காரியம் செய்தாள். "தம்பி, பில்லு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டு வாங்கினாள். நேரம், இடம், தூரம், தொகை, கையெழுத்து. நான் முனைவர் பட்டம் வாங்கினவன். எனக்குத் தோணலை!

பில்லை அனுப்பினேன். மறுத்து ஒரு கடிதம் வந்தது. காரணம் ஒன்று: முன் அனுமதி வாங்காமல் வெளி வண்டியை அமர்த்தினீர்கள். காரணம் இரண்டு: மலைப்பாதை எங்கள் திட்டத்தில் சேராது. "இது எங்கேய்யா எழுதியிருக்கு?"ன்னு கேட்டேன். "முழு விதிகள் தனிப் புத்தகத்தில் உள்ளன." எனக்குத் தந்தது ஒரே ஒரு தாள். அதையும் நான் படிக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு உரை சொல்றவன், சொந்தக் காசு குடுத்து வாங்கின தாளைப் படிக்கலைங்க. கூசாமல் ஒத்துக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். முதலில் ஒரு பெரிய குழப்பம் தெளிந்தது. நாம 'இன்சூரன்ஸ் இருக்கு'ன்னா எல்லாம் இருக்குன்னு நினைக்கிறோம். 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளை ஒட்டிய வழக்கமான கார் பாலிசியில், வண்டியை இழுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை உண்டு. அதுவும் விபத்து நடந்தால்தான். இயந்திரப் பழுதுக்கு அதிலே இடமே கிடையாது. பழுதுக்குத்தான் சாலையோர உதவியைத் தனியாக வாங்குகிறோம். அதிலும் எத்தனை கிலோமீட்டர் இலவசம், வருஷத்துக்கு எத்தனை முறை, பக்கத்து ஒர்க்‌ஷாப்பா நாம சொல்ற ஒர்க்‌ஷாப்பா, எல்லாம் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாதிரி.

ஒரு பழைய கதை சொல்றேன். 1905இல் லண்டனில் மோட்டார்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் வழியில் நின்ற வண்டிகளுக்கு உதவுவதில் பேர் வாங்கிய சங்கம். ஆரம்பித்தது எதற்குத் தெரியுமா? வேகமாய்ப் போகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ் ஒளிந்திருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்க! (சிரிப்பு) அப்படிக் காட்டிக் கொடுத்தால் குற்றம் என்று 1910இல் நீதிமன்றம் சொன்னது. உடனே சங்கம் தந்திரம் செய்தது. வழியில் நிற்கும் சங்கத்து ஆள் உறுப்பினர் வண்டிக்குச் சல்யூட் அடிப்பான். அடிக்கவில்லை என்றால் நிறுத்தி விசாரித்துக் கொள்ளணும். அதாவது, ஆபத்து சல்யூட்டில் இல்லை. அடிக்காத சல்யூட்டில் இருக்கு. பத்திரமும் அப்படித்தான். பெரிய எழுத்தில் இருப்பதைப் படித்து மகிழ்கிறோம். அதில் சொல்லாமல் விட்டதைத்தான் நாம் நிறுத்திக் கேட்கணும்.

"கேட்டா மட்டும் நடந்துருமா?"ன்னு எதிரணி கேட்கும். கேளுங்கள். விலக்கு நிபந்தனையைப் பாலிசிதாரரிடம் தெரிவிக்காமல் வைத்திருந்துவிட்டு, பிறகு அதைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. 2000இல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் மறுபடியும் சொன்னது. ஒளிச்சு வச்ச விதி, விதியே இல்லைங்க! (கைதட்டல்)

தாய்மார்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போகணும். கார் விற்ற கம்பெனியோ வேறு நிறுவனமோ கொடுத்த திட்டமென்றால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டில்லியில் இருந்தாலும் சரி, அவர்தான் இங்கே வரணும். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம். வழி தெரியாவிட்டால் 1915க்குப் போன் போட்டு விவரம் கேளுங்கள்.

நான் ரெண்டாவது கடிதத்தில் இதையெல்லாம் எழுதினேன். பில்லின் நகலை வைத்தேன். பதினெட்டாம் நாள் 4,500 வந்தது. என் மனைவி கேட்டாள்: "இந்தக் காசுக்கா இத்தனை பாடு?" நான் சொன்னேன்: "அன்னைக்கு நீயும் நானும் இருந்தோம். நாளைக்கு ஒரு பொண்ணு கைக்குழந்தையோட தனியா நிப்பா. லாரி நிக்கலாம், நிக்காமலும் போகலாம். நின்னாலும், அதுல ஏறலாமான்னு அவ பயப்படணுமே. அவளுக்கு வரவேண்டிய வண்டி, யாரோ மனசு இரங்கினதால வரக்கூடாது. வரவேண்டிய கடமையால வரணும்."

முடிக்கிறேன் நடுவர் அவர்களே. இதே ஊரில் காசி விசுவநாதர் கோவிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன் என்ன செய்தான்? என்றைக்காவது இந்தக் கோவிலுக்கு ஒரு குறை வருமானால், அதைச் சீர்செய்பவர்களை இப்போதே பணிகிறேன் என்று கல்வெட்டில் பொறித்து வைத்தான். மன்னனுக்கு மக்கள் மேல் நம்பிக்கை இல்லையா? இருந்தது. ஆனாலும் எழுதி வைத்தான்! தீயில் சிதைந்து மொட்டையாய் நின்ற கோபுரம், 1990இல் ஒன்பது நிலையோடு எழுந்து குடமுழுக்குக் கண்டது. எழுதியவன் போய்விட்டான், எழுத்து நின்றது, சீர்செய்யக் கைகளும் வந்தன.

லாரிக்காரருக்கு என் கும்பிடு. ஆனா அந்த ராத்திரியில எங்களுக்கு வரவேண்டிய வண்டியை வாங்கித் தரக்கூடியது அந்தத் தாள்தான். வீட்டுக்குப் போனதும் டி.வி.யை நிறுத்திட்டு, வண்டியில் இருக்கிற அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை படியுங்கள். எங்களைப் போட்டுட்டு நிறுத்தினாலும் எனக்கு வருத்தமில்லை. நடுவர் அவர்களே, "எழுதிய பத்திரமே" என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அதையும் தயவுசெய்து எழுத்தில் குடுங்க!