எடை, வயது, மறதிநோய்: ஆய்வில் காலத்தின் இடம்

மருத்துவர்கள் டிமென்ஷியா என்று குறிப்பிடும் மறதிநோய், நினைவோடு சிந்தனை, மொழி, இடமும் காலமும் அறியும் உணர்வு, அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் திறன் ஆகியவற்றையும் படிப்படியாகக் குலைக்கும் பல மூளை நோய்களின் தொகுதியாகும். அவற்றுள் அல்சைமர் நோயே மிகப் பரவலானது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5.7 கோடி மக்கள் இந்நிலையுடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இந்நோய்க்கும் உடல் எடைக்கும் உள்ள உறவே இக்கருத்தரங்கின் பொருள்.

இவ்வுறவு பற்றிய விவாதத்தைப் பெரிதும் கிளறிவிட்டது 2015இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. நவாப் கிசில்பாஷும் அவருடைய குழுவினரும், பிரிட்டனின் பொதுமருத்துவர்கள் கணினியில் பதிந்து வைத்திருந்த 40 வயதைக் கடந்த ஏறத்தாழ 20 இலட்சம் பேரின் குறிப்புகளை ஆராய்ந்தனர். சராசரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு நீண்ட அந்தக் கண்காணிப்பில் 45,507 பேருக்கு மறதிநோய் கண்டறியப்பட்டது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறுவது உடல் நிறைக் குறியீட்டெண். அந்த எண் 20க்குக் கீழே இருந்தவர்களுக்கு, இயல்பான எடையுடையவர்களைக் காட்டிலும் 34 விழுக்காடு மிகுதியான நோய்வாய்ப்பு காணப்பட்டது. எண் 40க்கு மேற்பட்ட மிகுபருமன் உடையவர்களுக்கோ 29 விழுக்காடு குறைவான வாய்ப்பே காணப்பட்டது. பருமன் மூளையைக் காக்கிறது என்ற செய்தி நாளேடுகளில் பரவியதற்கு இந்த இரண்டு எண்களே போதுமானவையாக இருந்தன.

அந்த எண்களில் பிழையில்லை. ஆனால் அவை எந்தக் கேள்விக்கு விடை தருகின்றன என்பதில்தான் சிக்கல் உள்ளது. அல்சைமர் நோய்க்கு அடிப்படையான மூளை மாற்றங்கள், நோய் வெளிப்படையாகத் தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட உண்மை. ஆகவே ஒருவரை எடைபோட்ட நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகள் மட்டும் கண்காணித்தால், எடைபோட்ட அன்றே அவர் மூளையில் நோய் குடியேறியிருக்கக்கூடும். அவருடைய மெலிவு நோய்க்குக் காரணமாக இல்லாமல், நோயின் விளைவாகவே இருக்கக்கூடும். விளைவைக் காரணமாகக் கொள்ளும் இத்தவற்றை நோய்ப்பரவலியலார் தலைகீழ்க் காரணம் என்பர். மிகுபருமன் உடையோர் பலர் இதயநோயாலும் நீரிழிவாலும் முதுமையை எட்டுமுன்பே இறந்துபோவதால், எஞ்சியவர்களை மட்டும் எண்ணும்போது பருமன் தீங்கற்றதாகத் தோற்றமளிக்கும் என்பதும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது.

இம்முடிச்சை அவிழ்க்கத் தேவைப்பட்டது நீண்ட காலமே. இலண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடரும் இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வைக் கொண்டு, அர்ச்சனா சிங்-மனூ தலைமையிலான குழு 2018இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் மிகத் தெளிவான ஒன்று. 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அதே மக்களிடம் 60 வயதிலும் 70 வயதிலும் அளந்த பருமனுக்கு அத்தகைய தொடர்பே இல்லை. பின்னாளில் நோயுற்றவர்களின் எடைப்போக்கைப் பின்னோக்கி வரைந்து பார்த்தபோது, நோய் கண்டறியப்படுவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மற்றவர்களைவிடக் கனத்திருந்ததும், கடைசி எட்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட மெலிந்துவிட்டதும் புலப்பட்டன. அதே ஆண்டில் மிகா கிவிமாகியும் சக ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளின் 13 இலட்சம் பேரை ஒருங்கே ஆராய்ந்து இதையே உறுதிசெய்தனர்: குறியீட்டெண் 5 அலகு கூடும்போது, நோய்க்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்த அளவானால் நோய்வாய்ப்பு 16 விழுக்காடு உயர்கிறது, நோய்க்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் எடுத்த அளவானால் 29 விழுக்காடு தாழ்கிறது. ஒரே எண், அளக்கப்பட்ட காலம் மாறியதும் நேரெதிரான பொருளைத் தருகிறது.

நடுவயதுப் பருமன் மூளையைத் தாக்கும் வழிகள் ஓரளவு அறியப்பட்டவை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றித் தேங்கும் கொழுப்பு அழற்சியையும் இன்சுலின் எதிர்ப்பையும் தூண்ட, உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடர்ந்து வந்து மூளையின் நுண்குழாய்களைச் சிதைக்கின்றன. இருப்பினும் பருமனின் பங்கை மிகைப்படுத்துவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 காரணிகளை முற்றாகக் களைந்தால் மறதிநோயில் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தபோது, அதில் பருமனுக்குத் தனித்து ஒதுக்கியது 1 விழுக்காடு மட்டுமே. செவித்திறன் குறைவுக்கு 7 விழுக்காடு.

முதுமையின் மெலிவோ இதைவிட மிகுந்த கவனத்தை வேண்டி நிற்கிறது. நோயின் தொடக்கத்திலேயே மோப்பத்திறன் மங்குவதால் உணவின் சுவை போய்விடுகிறது; பசியை நெறிப்படுத்தும் மூளைப்பகுதிகளும் பாதிக்கப்படலாம்; எதிலும் நாட்டமின்மை குடிகொள்கிறது; கடைக்குச் சென்று பொருள் வாங்கிச் சமைப்பது என்ற பல படிகள் கொண்ட வேலை குழம்பிப்போகிறது; சாப்பிட்டாயிற்றா என்பதே மறந்துபோகிறது. வயதானால் உடல் இளைப்பது இயல்பு என்று குடும்பத்தார் இதைக் கடந்துவிடுகின்றனர். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் முயற்சியின்றி எடையில் 5 விழுக்காடு குறைந்தால் அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் அடிப்படை விதி. நீரிழிவு சிகிச்சைக்கு வரும் எழுபது வயதினரின் எடைக்குறைவைப் பாராட்டி அனுப்பும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

இந்தியச் சூழலில் குறியீட்டெண்ணை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனின் ஜான் யுட்கினும் தம் இருவரையுமே சான்றாக்கி 2004இல் லான்செட் இதழில் காட்டியபடி, 22.3 என்ற ஒரே குறியீட்டெண் உடைய இருவரில் ஒருவருடைய உடற்கொழுப்பு 21.2 விழுக்காடாகவும் மற்றவருடையது 9.1 விழுக்காடாகவும் இருந்தது. கொழுப்பு மிகுந்தவர் யாஜ்னிக். இந்தியர்க்கு 23ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25ஐப் பருமனின் தொடக்கமாகவும் மருத்துவர்கள் கொள்வது இக்காரணம் பற்றியே. தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் உள்ள உடலை எடைக்கருவி மட்டும் காட்டிக்கொடுக்காது. இடுப்புச் சுற்றளவும் கைப்பிடி வலிமையும் உடன் அளக்கப்பட வேண்டும்.

60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக நாடு தழுவிய முதுமை ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோருக்குத் தம் நாற்பதாம் வயதில் என்ன எடை இருந்தது என்பதற்கு எந்த ஏட்டிலும் குறிப்பில்லை. பிரிட்டனில் இத்தகைய ஆய்வுகள் இயன்றதற்கு, அங்கே எடை பல்லாண்டுகளாகப் பதியப்பட்டு வந்ததே அடிப்படை. ஆகவே இவ்வரங்கில் படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும், எடை எந்த வயதில் அளக்கப்பட்டது, அதன்பின் எத்தனை ஆண்டு கண்காணிப்பு நடந்தது என்பதை முதற்பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரின் எடையும் இடுப்புச் சுற்றளவும் ஆண்டுதோறும் பதியப்பட்டு, அக்குறிப்பு அவர் கையிலும் கொடுக்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை இக்கருத்தரங்கு நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமை முன்மொழிகிறது.