பானையும் பென் ட்றைவும்



தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கச் செல்லும் தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஓசை எழுந்தால் முகம் மலரும். ஓசை பிசகினால் பானை வந்த இடத்துக்கே திரும்பும். அதனோடும் அவர்கள் நம்பிவிடுவதில்லை. வீட்டுக்குக் கொணர்ந்து, கழுத்துமட்டும் நீர் நிரப்பி, ஓர் இரவு வைத்துப் பார்ப்பார்கள். கசிவில்லை என்று கண்ட பின்னரே அதனை அடுப்பில் ஏற்றுவார்கள்.

ஒரு மண்பானைக்கு இத்துணை விழிப்பு இருக்கிறது. ஆனால், பிள்ளைகளின் புள்ளிகளையும், ஆசிரியரின் வினாத்தாள்களையும், குடும்பத்தின் திருமணப் படங்களையும் சுமக்கப்போகின்ற பென் ட்றைவை வாங்கும்போது மட்டும் நாம் தட்டிப் பார்ப்பதுமில்லை, நிரப்பிப் பார்ப்பதுமில்லை. நிறத்தைப் பார்க்கின்றோம், மேலே அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்க்கின்றோம், விலையைக் கேட்கின்றோம், வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வருகின்றோம். இவ்வாறு வாங்கி இழந்தவருள் யானும் ஒருவன். அதனாலேயே இன்று இந்தப் பொருள் பற்றிப் பேசத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பாடசாலை தனது நூற்றாண்டு மலருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஊரூராகச் சென்று பழைய மாணவரைக் கண்டு, அவர்கள் கூறியவற்றைக் கைத்தொலைபேசியிற் படமும் குரலுமாகப் பதிவுசெய்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கிடுகால் வேய்ந்த கொட்டிலிலே பாடசாலை நடந்த காலத்தை இரண்டு மணித்தியாலம் விரித்துரைத்தார். தொலைபேசிகளில் இடம் போதவில்லை. நான் கடையொன்றிலே, 512 கிகாபைற்று என்று பொறித்த பென் ட்றைவ் ஒன்றை வியக்கத்தக்க மலிவு விலைக்கு வாங்கி வந்தேன். பதிவுகளை அதில் ஏற்றினோம், தொலைபேசிகளிலிருந்து அழித்தோம்.

மலரைத் தொகுக்க அமர்ந்த அன்று, கோப்புகளின் பெயர்களெல்லாம் வரிசையாகத் தோன்றின. முதலில் ஏற்றிய சில திறந்தன. ஏனையவற்றில் ஒன்றேனும் திறக்கவில்லை. பெயர் இருந்தது, பொருள் இல்லை. மீண்டும் அந்த ஆசிரியரிடம் செல்லலாம் என்று மாணவர் ஆறுதல் கூறினர். அவரோ அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். மலர் வெளிவந்தது. அவருக்குரிய பக்கத்திலே ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது.

நேயர்களே, நடந்தது என்ன என்பதைப் பின்னர்தான் விசாரித்து அறிந்தேன். அதை அறிவதற்கு இக்கருவியின் உள்ளமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும்.

பென் ட்றைவினுள்ளே இரண்டு உறுப்புகள் முதன்மையானவை. ஒன்று, செய்தியைத் தாங்கும் பிளாஷ் நினைவகம். மற்றது, அதனை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு. பிளாஷ் நினைவகம் என்பது ஜப்பானிலே தொஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய பூஜியோ மசுவோகா என்னும் பொறியியலாளர் 1980களில் உலகுக்கு அளித்த புத்தாக்கம். எண்ணற்ற நுண்ணிய கலங்களிலே மின்னேற்றத்தை அடைத்து, சுற்றிலும் காவலிப் படை ஒன்றால் வேலியிட்டு வைப்பதே அதன் தந்திரம். மின்சாரம் நின்றாலும் ஏற்றம் உள்ளேயே தங்கும். எனவே செய்தியும் தங்கும். 2000 ஆம் ஆண்டிலே முதன்முதல் விற்பனைக்கு வந்த பென் ட்றைவ்களில் ஒன்றின் கொள்ளளவு 8 மெகாபைற்று. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 64 கிகாபைற்று ட்றைவ், அதனினும் ஏறத்தாழ 8000 மடங்கு பெரியது.

இனி ஏமாற்று எங்கே நுழைகின்றது என்று பாருங்கள். ட்றைவின் அளவு யாது என்று கணினி கேட்கும்போது விடை சொல்வது கட்டுப்பாட்டுச் சில்லு. அந்தச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்பித்துவிட்டால், 16 கிகாபைற்று நினைவகம் உள்ள ட்றைவ், தன்னை 512 என்று கூசாமற் கூறும். கணினியும் நம்பும், நாமும் நம்புவோம். உண்மையான இடம் நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்குமேல் ஏற்றுபவை ஒன்றன்மேலொன்று எழுதப்பட்டு அழியும், அல்லது எங்கும் எழுதப்படாமலே மறையும். கோப்புகளின் பெயர்ப்பட்டியலோ தொடக்கத்திலுள்ள நல்ல இடத்திலே பத்திரமாக இருக்கும். எனவேதான் எமக்குப் பெயர்கள் கிடைத்தன. ஆசிரியரின் குரல் கிடைக்கவில்லை.

ஆகவே, வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியது விலைக்கும் அளவுக்கும் உள்ள பொருத்தம். பெயர்பெற்ற நிறுவனங்களின் 32, 64, 128 கிகாபைற்று ட்றைவ்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று இரண்டு மூன்று கடைகளிற் கேளுங்கள். ஒவ்வொன்றின் விலையையும் அதன் கிகாபைற்று எண்ணாற் பிரியுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கே இது. ஒரு கிகாபைற்றுக்கு இன்ன விலை என்று ஒரு மட்டு உங்களுக்குக் கிடைத்துவிடும். அந்த மட்டுக்கு மிகமிகக் கீழே, அதுவும் ஒன்று அல்லது இரண்டு டெராபைற்று என்ற பெரும்பெயருடன் ஒன்று வருமாயின், அது மலிவு அன்று. பொய் என்று கொள்ளுங்கள்.

அடுத்து, தேவைக்கு ஏற்ற அளவு. 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்பது எங்கள் உழவர் வாக்கு. ஆசிரியர் ஒருவரின் வினாத்தாள்கள் ஆயிரம் சேர்ந்தாலும், படங்கள் மிகுதியாக இல்லாதவிடத்து, ஒரு கிகாபைற்றின் சிறு பகுதிக்குள் அடங்கும். நான்கு மெகாபைற்று அளவுள்ள புகைப்படங்கள் ஆயிரம் எனின், 4 கிகாபைற்றுப் போதும். காணொளிதான் இடத்தை விழுங்கும் பெருந்தீனிக்காரன். அதனை மிகுதியாகக் கையாளாதவர்க்கு 32 அல்லது 64 கிகாபைற்று நிறைவாகப் போதும். மிஞ்சும் பணத்துக்கு அளவிற் பெரியதை வாங்காது, தரத்தில் உயர்ந்ததை வாங்குங்கள்.

தரத்தை எங்ஙனம் அறிவது? கிங்ஸ்டன், சான்டிஸ்க், சாம்சங், டிரான்சென்ட் முதலிய நிறுவனங்களின் பொருள்கள் நெடுங்காலமாக உலகச் சந்தையில் உள்ளவை. ஆயினும் புகழ்பெற்ற பெயருக்கே போலியும் மிகுதி. எனவே, உறையின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாது, அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். எழுத்திலே உத்தரவாதம் கேளுங்கள். நல்ல ட்றைவ்கள் பலவற்றுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு. பற்றுச்சீட்டை மறவாது கேட்டு வாங்குங்கள். வாங்குபவர் கேட்டால் வணிகர் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும் என்று, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கூறுகின்றது. நான் அன்று பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. அதனால், திரும்பச் சென்று முறையிடவும் எனக்கு வாயில்லாமற் போயிற்று. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். உத்தரவாதம் பழைய ட்றைவுக்குப் புதிய ட்றைவைத் தரும்; உள்ளே இருந்த எழுத்தைத் தராது.

வேகத்தையும் பார்க்கவேண்டும். யூ.எஸ்.பி. 2.0 என்பது 2000 ஆம் ஆண்டில் வந்த முறை, 3.0 என்பது 2008 இல் வந்தது. பிந்தியதன் வாயிலே பெரும்பாலும் நீலநிறத் துண்டு ஒன்று காணப்படும். ஆயினும் உறையிலே பெரிதாக அச்சிடுவது வாசிக்கும் வேகத்தையே. எழுதும் வேகம் அதனிலும் மிகக் குறைவாக இருக்கலாம். ஆவணங்கள் சிலவற்றைக் கொண்டுசெல்வோர்க்குப் பழைய முறையே போதும். காணொளிகளை ஏற்றுவோர் 3.0 அல்லது அதற்குப் பிந்தியதை வாங்குவதே பொழுதை மிச்சப்படுத்தும்.

உருவத்தைப் பொறுத்தவரை, எளிமையே நலம். கழன்று தொலையும் மூடியும், பொம்மை வடிவமும் வேண்டியதில்லை. நகத்தளவான மிகச் சிறிய ட்றைவ்கள் விரைவிற் சூடேறும்; எளிதில் தொலையும். திறப்புக்கோவையிற் கோத்துக்கொள்ள ஒரு துளை இருத்தல் நன்று.

இனிப் பானையில் நீர் நிரப்பிப் பார்க்கும் படலம். வாங்கிய அன்றே, எதனையும் ஏற்றுமுன், ட்றைவைச் சோதியுங்கள். விண்டோஸ் கணினிக்கு எச்-2-டெஸ்ட்-டபிள்யூ என்றும், லினக்ஸ் கணினிக்கு எஃப்-3 என்றும் இலவச மென்பொருள்கள் உள்ளன. இவை ட்றைவின் வெற்றிடம் முழுவதையும் தாமறிந்த செய்திகளால் நிரப்பி, மீண்டும் வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும். போலி ட்றைவ் இங்கே தப்பமுடியாது. செக்கனுக்கு 8 மெகாபைற்று வீதம் எழுதும் ட்றைவாயின், 64 கிகாபைற்றை நிரப்ப ஏறத்தாழ இரண்டேகால் மணித்தியாலம் செல்லும். வாசிக்கவும் சிறிது நேரம் வேண்டும். அந்த அரைநாட் பொறுமை எனக்கு இருந்திருந்தால், நூற்றாண்டு மலரிலே ஒரு பக்கம் ஊமையாகியிராது.

சோதிக்கும்போது இரண்டு காட்சிகள் கண்டு அஞ்சவேண்டாம். 64 என்று பொறித்த ட்றைவ், விண்டோஸ் கணினியிலே 59 அல்லது 60 என்று காட்டும். செய்தவர் ஆயிரத்தாற் பெருக்கிக் கணக்கிட, கணினி 1024 ஆற் பெருக்கிக் கணக்கிடுவதே காரணம். மற்றொன்று, 4 கிகாபைற்றை எட்டும் ஒரே கோப்பைச் சில ட்றைவ்கள் ஏற்க மறுக்கும். அது ஃபாட் 32 என்னும் ஒழுங்குமுறையின் எல்லை. ட்றைவ் வெறுமையாக இருக்கும்போதே எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக்கொண்டால் அத்தடை நீங்கும். இவை இரண்டும் மோசடிகள் அல்ல.

சோதனையில் வென்ற ட்றைவையும் அறிந்து ஆளவேண்டும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும், முன்னர் சொன்ன காவலிப் படை சிறிது தேய்கின்றது. சும்மா வைத்திருந்தாலும் மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும்; வெப்பம் அக்கசிவை விரைவாக்கும். ஆதலின் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதனை விட்டுச் செல்லாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதீர்கள். 2022 ஆம் ஆண்டிலே நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டபோது, ஏற்றிக்கொண்டிருந்த நடுவிலே கணினி நின்று, கோப்பைப் பறிகொடுத்த ஆசிரியர்கள் எத்தனை பேர்!

வசதியுள்ளோர் இரண்டு ட்றைவ்கள் வைத்திருப்பது நல்லது. ஒன்று ஊர் சுற்றுவதற்கு. மற்றொன்று வீட்டில் இருப்பதற்கு. அச்சுப்பிரதி எடுக்கக் கடைக்குச் செல்லும்போது சிறிய, பழைய ட்றைவிலே அன்று வேண்டிய கோப்பை மட்டும் கொண்டுசெல்லுங்கள். பலர் கைபட்ட கணினியிலிருந்து அது வைரஸைச் சுமந்து வந்தாலும், உங்கள் செல்வம் முழுவதும் அதில் இராது.

இறுதியாக ஒன்று. எவ்வளவு நல்ல ட்றைவாயினும், அது செய்தியைச் சுமக்கும் வண்டியேயன்றிச் செய்தியைக் காக்கும் களஞ்சியம் அன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887 இலே கலித்தொகையை அச்சேற்றினார். அவர் கைக்கு அந்த ஏடுகள் எவ்வாறு வந்தன? பனையோலை நிலையாதது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஓர் ஏடு சிதையுமுன் இன்னோர் ஏட்டிலே பெயர்த்தெழுதினர். ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் எஞ்சியது. தமிழைக் காத்தது ஓலையின் உறுதி அன்று. பிரதி செய்த கைகளின் உறுதி.

நாமும் அதனையே செய்யவேண்டும். இழக்கக்கூடாத எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று ட்றைவிலே, ஒன்று கணினியிலே, ஒன்று வேறொரு வீட்டிலோ இணையக் களஞ்சியத்திலோ. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிதாகப் பெயர்த்து வையுங்கள். இரண்டாவது பிரதி உண்டு என்று கண்ணாற் காணும்வரை முதலாவதை அழிக்காதீர்கள்.

ஆராய்ந்து நம்புதலைப் பற்றி வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எங்கள் தாய்மார் அதனைப் பானைக்கடையிலே நாடோறும் நடத்திக் காட்டுகின்றார்கள். இன்று உங்கள் வீட்டிலே முதியவர் ஒருவரின் குரல் எங்கேனும் பதிவாகி இருக்குமாயின், இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து சென்று, அது திறக்கின்றதா என்று ஒருமுறை பாருங்கள். திறந்தால், உடனே மற்றொரு பிரதி செய்து வையுங்கள்.