வாசலில் வைக்கும் கண்ணாடி

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டு வாசலைக் கண்ணாடியால் அணிசெய்வது பற்றிச் சில கூற விழைகின்றேன். சிறிய பொருள்தான், எனினும் அண்டை வீட்டாரோடு நாம் கொள்ளும் உறவைத் தொடுவதால் இவ்வவையில் பேசத்தக்கதே.

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் நம் முன்னோர் லயங்களில் வாழ்ந்தனர். அங்கே வாசல் என்பது ஊருக்கே பொதுவிடம். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தவித்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் காலப்போக்கில் பால்மரம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தது. பல குடும்பங்கள் ஈப்போவின் தாமான் வீடுகளில் குடியேறின. வாசலுக்கு இரும்புக் கதவு வந்தது, பூட்டு வந்தது, கூடவே கண்திருஷ்டி பற்றிய அச்சமும் வளர்ந்தது. பூசணிக்காயும் எலுமிச்சையும் கட்டிய இடத்தில் சிலர் வெளிநோக்கிய கண்ணாடியையும் மாட்டுகின்றனர்.

நம் சீன நண்பர்கள் நிலைக்கு மேல் எட்டு மூலைக் கண்ணாடி மாட்டுவதை ஈப்போக் கடை வரிசைகளில் காணலாம். தீயது வந்த வழியே திரும்பும் என்பது அவர்தம் நம்பிக்கை. அது எதிர்வீட்டை நோக்கினால் அவ்வீட்டார் மனம் வருந்துவதும் உண்டு. நாம் மாட்டும் கண்ணாடிக்கும் இது பொருந்தும். நம் வீட்டிலிருந்து விரட்டுவது எவர் வீட்டிற்குச் செல்லும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் சமய மரபில் கண்ணாடி மங்கலப் பொருள். பூசையில் குடை, சாமரம், விசிறி ஆகியவற்றோடு இறைவனுக்குக் கண்ணாடியும் காட்டுகின்றோம். வள்ளலார் 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று வடலூர்ச் சத்திய ஞான சபையில் தொடங்கிவைத்த சோதி தரிசனத்தில், ஏழு திரைகள் விலகியபின் அன்பர்கள் கண்ணாடி வழியே ஒளியைக் காண்கின்றனர். குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் வழிவந்தோர் கண்ணாடியின்முன் விளக்கேற்றி வழிபடுகின்றனர். கேரளத்துக் களவங்கோட்டில் ஸ்ரீ நாராயண குரு 1927இல் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். இம்மூன்று இடங்களிலும் கண்ணாடி பிறரை விரட்டும் கருவியன்று. தன்னுள் உறையும் இறைமையை உணரச் செய்யும் கருவியாகும்.

ஆகவே கண்ணாடியை வாசலின் உட்புறத்திலே அமைப்போம். பக்கச் சுவரில் மாட்டினால் 3 அடி அகலமான நடை 6 அடி போலத் தோன்றும். சன்னல் வெளிச்சமும் மிகுந்து பொலியும். முழு உருவமும் காண, நம் உயரத்தில் பாதியளவுள்ள கண்ணாடி போதும். அதன் மேல்விளிம்பு நெற்றிக்கு நேராக இருத்தல் வேண்டும். ஈரம் பட்டால் பின்பூச்சு கறுக்குமாதலால் மழைச்சாரல் படாத இடத்தில், சுவரோடு ஒட்டாமல் சற்றே இடைவெளி விட்டு மாட்டுக. குழந்தைகள் உள்ள வீட்டில் திருகாணியால் உறுதியாகப் பொருத்துக. வெளியே மாட்டுவதாயின், வெயில் பட்டுச் சாலையில் செல்வோர் கண் கூசாதவாறு பார்த்துக்கொள்க. அருகில் ஒரு குத்துவிளக்கை ஏற்றினால் சுடர் இரண்டாய் ஒளிரும்.

வெளியே செல்லுமுன் நெற்றியில் நீறும் குங்குமமும் துலங்குகின்றனவா என்று அக்கண்ணாடியில் பார்க்கின்றோம். முகத்தில் சினம் இருக்கிறதா என்றும் பார்ப்போம். இருப்பின் அதைத் துடைத்துவிட்டு அண்டை வீட்டாரை முகமலர்ந்து வணங்குவோம். லயத்து வாசலில் நம் முன்னோர் காத்த உறவு தாமான் வாசலிலும் தழைக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக.