எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது?

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் புல் வெட்டும் யந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். இதுவும் சம்பள விஷயந்தான். எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு யந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் எஞ்சினில் எண்ணெய் ஒழுகியது. ஓட்டுகிற தோழர் அஜாக்கிரதையாக அதிக எண்ணெய் ஊற்றிவிட்டார் என்று சொல்லி, பழுது பார்த்த செலவை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கடிதம் தயாரானது. அக்கடிதத்தை டைப் அடித்தவன் நான்தான்.

அடித்து முடித்தும் மனம் ஒப்பவில்லை. ஸ்டோர் புத்தகத்தைப் புரட்டினேன். அடிப்பக்கத்து ஆயில் சீல் இரண்டு முறை மாற்றப்பட்டும் ஒழுகல் நிற்கவில்லை. தோழர் தினமும் காலையில் அளவு பார்த்து எழுதிய குறிப்பும் இருந்தது. ஒரு நாளாவது எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டவில்லை. உடனே கிளைச் செயலாளரும் நானும் மானேஜரிடம் ஒரு நாள் தவணை கேட்டோம். அன்று செய்ததைச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்திலும் உதவும்.

முதலாவது, சமதரையில் எஞ்சின் ஆறியபின் எண்ணெய் அளவைப் பாருங்கள். அதிகமிருந்தால் வடித்துவிடுங்கள். எண்ணெய் நீர்த்துப் பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் உள்ளே கசிகிறது. அதைச் சரிசெய்து எண்ணெயை மாற்றும்வரை எஞ்சினை ஓட்டாதீர்கள்.

இரண்டாவது, பாட்டரி வயரையும் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். வயர்களை மாட்டி, கத்தி சுழலாதபடி சில நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். எண்ணெய் கீழ்நோக்கி ஓடும். விசிறிக் காற்று அதை நாலாபக்கமும் அடிக்கும். ஆகையால் சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரம் கண்ட இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கே தேடுங்கள்.

மூன்றாவது, வால்வு மூடியின் காஸ்கெட், வடிகட்டியின் ரப்பர் வளையம், எண்ணெய் வடிக்கும் திருகு, அடியில் தண்டு வெளிவரும் இடத்துச் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். வடிகட்டியை மாற்றும்போது பழைய வளையம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், புது வளையம் சரியாக உட்காராமல் ஒழுகும்.

எங்கள் எஞ்சினில் ஒழுகியது சீல்தான். ஆனால் புதுச் சீலும் ஏன் தோற்றது? பிஸ்டன் கீழே இறங்கும்போது எண்ணெய் அறையில் காற்றழுத்தம் உண்டாகிறது. அது வெளியேற 'பிரீதர்' என்னும் ஒருவழி வால்வு இருக்கிறது. அது அடைபட்டால், அழுத்தம் வேறு வழியின்றிச் சீலின் வழியே எண்ணெயைத் தள்ளும். திறந்து பார்த்தோம். பிரீதரிலும் அதன் குழாயிலும் கறுத்த கசடு அடைத்திருந்தது! பிரீதரை மாற்றி, குழாயைச் சுத்தம் செய்து, புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்ளே இருக்கும்படி, கோணாமல் தட்டிப் பொருத்தினோம். மறுபடி ஓட்டியபோது பவுடர் காய்ந்தபடியே இருந்தது. (கைதட்டல்) பிரீதர் நன்றாயிருந்தும் அழுத்தம் மிஞ்சினால், ஹெட் காஸ்கெட்டையும் பிஸ்டன் ரிங்குகளையும் சோதிக்கவேண்டும்.

மானேஜர் வந்து பார்த்தார். கடிதம் கிழிக்கப்பட்டது.

தோழர்களே! சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் சம்பளத்தில் செய்யக்கூடாது என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. ஆகையால் பிடித்தத்துக்குச் சம்மதம் என்று எந்தக் காகிதத்தை நீட்டினாலும், சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். யந்திரம் ஓட்டுகிறவர்கள் தினமும் அளவு பார்த்து எழுதிவையுங்கள். அந்தத் தோழரைக் காப்பாற்றியது அவர் கையால் எழுதிய குறிப்புதான். கிராணிமார்களே, கடிதத்தை அடிக்குமுன் புத்தகத்தைப் புரட்டுங்கள். நான் அடித்தபிறகு புரட்டினேன். அது என் தவறு.