வாய்க்குள் ஒரு விளக்கு

 

வலி எடுத்தால்தான் நாம் மருத்துவரை நாடுகிறோம். வலி இல்லையேல் நலமென்று எண்ணிவிடுகிறோம். வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஆபத்தானது. அது பெரும்பாலும் வலியே தராத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டாகக் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ தொடங்குகிறது.

இத்தகைய திட்டுகளை ஆராய மருத்துவர்கள் இன்று ஒளியையும் துணைகொள்கின்றனர். அறையை இருட்டாக்கி, வாய்க்குள் நீல ஒளியைப் பாய்ச்சி, வடிகட்டிக் கண்ணாடி வழியே நோக்குகின்றனர். நலமான திசு அவ்வொளியை உள்வாங்கி, வெளிர்பச்சையாக ஒளிர்கிறது. மேற்படலத்தின் அடியிலுள்ள கொலாஜன் நார்களும் உயிரணுக்களிலுள்ள சில பொருள்களும் அவ்வொளிர்வைத் தருகின்றன. புற்றாக மாறிவரும் இடத்தில் அந்நார்கள் சிதைகின்றன. அங்கே பெருகும் இரத்தமும் ஒளியை விழுங்குகிறது. ஆதலின் அவ்விடம் இருண்டு காணப்படுகிறது.

ஆயினும், சாதாரண வாய்ப்புண்ணும் அழற்சியும்கூட அவ்வாறே இருண்டு தோன்றக்கூடும். ஒளி ஐயத்தைச் சுட்டும். தீர்ப்புரைப்பது, சிறு துணுக்குச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் காணும் பயாப்ஸி பரிசோதனையே. ‘கத்தி பட்டால் நோய் பரவிவிடும்’ என அஞ்சி அதனைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே உண்டு. அவ்வாறு கழியும் மாதங்களே நோய்க்கு வழிவிடுகின்றன.

நீல விளக்கு இல்லாத ஊரில் என் செய்வது? அண்டை மாநிலமான கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மக்களின் வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே, சோதனை நடந்த பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்ததென 2005இல் வெளியான முடிவு காட்டியது.

புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அறிக்கையில் வகைப்படுத்தியுள்ளது. விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நீட்டும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண், நிறம் மாறிய திட்டு, வாயைத் திறப்பதில் சிரமம் ஆகியவற்றை நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், கூச்சத்தால் வெளியே சொல்வதில்லை. பிள்ளைகளாகிய நாமே கேட்டறிந்து, வெளிச்சத்தில் பார்த்து, தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக!